கேப்டன் ஃபிக்ரியின் நூறாவது கோல்

போர்ட் சயீத் மைதானத்துச் சுவரில் கேப்டன் ஃபிக்ரியின் பெயருக்குக் கீழே தொண்ணூற்றொன்பது கோல் என்று எழுதப் போகிறார்களாம். கேட்டதும் மீன் சுடுகிற பயூமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூறு ஐயா, நூறு! பக்கத்து ஊர் டமியட்டாவுக்கு எதிராக மழையில் அடித்தாரே, அதை எங்கே முழுங்கினார்கள்?

கேப்டன் ஆட்டத்தை விட்டு முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. காபிக்கடையில் இன்னும் அவர் பேச்சுதான்.

"இடது கால்டா. வலையே கிழிஞ்சுது."

"போடா, தலையால முட்டினாரு. சகதியில விழுந்து சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சாரே!"

நடுவரோ அதை டமியட்டாத் தடுப்பாட்டக்காரர் தல்அத் போட்ட சேம்சைடு கோல் என்று எழுதிவிட்டார். பந்து தன்மேல் படவில்லை என்று தல்அத்தே கையெழுத்துப் போட்டால் மாற்றலாம், வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன் என்றார் கிளப் செயலாளர்.

"டமியட்டாக்காரனா?" காபிக்கடைக் கூட்டாளி ஷஹாதா சிரித்தான். "சாப்பிட்டுத் தூங்குறீங்களா, வயிறு லேசாத் தூங்குறீங்களான்னு விருந்தாளியையே கேக்குற கஞ்சன் அவன். கையெழுத்தா குடுப்பான்?"

பயூமி ஒற்றைக்காலில் நின்றார். மறுநாள் காலையிலேயே வண்டி ஏறினார்.

தல்அத் தன் மரப்பட்டறையில் நாற்காலிக் கால் இழைத்துக்கொண்டிருந்தார். டீ வந்தது, கூடவே ஒரு தட்டு நிறைய இனிப்பு. வந்த விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"படலைன்னு அன்னைக்கே தொண்டை கிழியக் கத்தினேன். எவன் கேட்டான்? 'நன்றி தல்அத், நன்றி'ன்னு நாப்பது வருஷமா மேளம் அடிச்சுப் பாடுறது யாருய்யா?"

பயூமி எடுத்த இனிப்பைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். அந்தப் பாட்டைக் கட்டியதே அவர்தான். எதிரியை வெறுப்பேற்றுகிற ஆசையில் சொந்தக் கேப்டனின் கோலை இவர்களே தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்! சொந்தச் செலவில் சூனியம் என்றால் இதுதான்.

"கட்டினது நான்தான், ஹாஜியாரே. மன்னிச்சிருங்க."

"இங்க சொல்லி என்ன? வெள்ளிக்கிழமை உங்க ஊர்ல எங்களுக்கு ஆட்டம். நானும் வர்றேன். உன் கூட்டத்துக்கு முன்னாடி சொல்லு, அப்புறம் பேனாவை நீட்டு."

வெள்ளிக்கிழமை பயூமி கூட்டத்தின் முன்னே கம்பியில் ஏறி மேளத்தை அறைந்தார்.

"தல்அத் தொடல!"

கூட்டம் ஊளையிட்டது. "விலை போயிட்டியா பெருசு?" தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்து வந்து தோளில் விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது; ஆனாலும் மனிதர் இறங்கவில்லை.

"தொடல! கோல் கேப்டனோடது! பாட்டு நான் கட்டின பொய்!"

கால்மணி நேரம் ஒற்றை ஆளாகக் கத்தினார். குரல் கம்மிப்போனது. அப்போது கேப்டன் ஃபிக்ரி முன்வரிசையிலிருந்து எழுந்து, முட்டியைப் பிடித்தபடி அவர் பக்கத்தில் வந்து நின்றார். கூட்டம் கப்சிப்.

"தல்அத் தொடல!" என்றார் கேப்டன்.

அவ்வளவுதான். மைதானமே அதைப் பிடித்துக்கொண்டது.

கேப்டன் அதோடு விடவில்லை. பயூமியைக் கூட்டிக்கொண்டு, விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த பக்கம் வரை நொண்டி நடந்தார். கம்பிக்கு அந்தப்புறம் தல்அத் நின்றிருந்தார்.

"பந்து உன்மேல படலைன்னு எனக்குத் தெரியும், தல்அத். அந்தப் பாட்டைக் கேட்டு நானும் சிரிச்சேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

பயூமி நீட்டிய காகிதத்தைத் தல்அத் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"நூறுன்னே எழுதிக்க, கேப்டன்," என்றார். "எனக்கு அந்த ஆட்டம் இன்னைக்குத்தான் முடியுது."