ஓடாத சைக்கிளின் சத்தம்

கீழ் வீட்டுக்காரியை இனி நிம்மதியாகத் தூங்கவிடுவதில்லை என்று லிஃப்ட்காரர் முடிவெடுத்தபோது அவர் கையில் காய்கறிப் பை இருந்தது. படிக்கட்டுக்கு அடியில் அவர் சைக்கிள் நிற்கும் இடம் துடைத்துவிட்டாற்போல் காலியாகக் கிடந்தது. வெட்டிப்போட்ட பூட்டுச் சங்கிலி மட்டும் தரையில் சுருண்டிருந்தது.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வாசலிலேயே நின்றிருந்தார். “நோட்டீஸ் ஒட்டினோம் சார். நீங்க எடுக்கல. அதான் வெளிய எடுத்து வச்சோம்.”

“வெளிய எங்க?”

செயலாளர் சுற்றுச்சுவர் ஓரத்தைக் காட்டினார். அங்கே ஒன்றுமில்லை. யாரோ தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

லிஃப்ட்காரர் வேலையில் இருந்த காலமெல்லாம் பெரிய பெரிய கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றபின் வாய்த்ததோ லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அங்கே கிடையாது. நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவரிடம் டாக்டர், “தினமும் சைக்கிள் மிதிங்க” என்று சொன்னதும் அவர் வாங்கியது அந்தச் சைக்கிள். மூன்று மாடி தூக்க முடியாமல் படிக்கு அடியில் நிறுத்தினார்.

இரண்டாம் மாடியில், அவர் வீட்டுக்கு நேர் கீழே, பேக்கரியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி தனியாக இருந்தாள். விடியுமுன் அடுப்பு பற்றவைக்கப் போய், மதியம் திரும்பிவந்து தூங்குகிறவள். அரை இருட்டில் படியிறங்கும்போது சைக்கிளின் பெடல் அவள் முழங்காலில் இடித்தது. முதல் தடவை மரியாதையாகச் சொன்னாள். அடுத்த தடவை சற்றுச் சத்தமாகச் சொன்னாள். “கண்ணை முழிச்சுக்கிட்டு எறங்கணும்மா” என்றார் இவர். அவள் அதற்குப் பிறகு இவரிடம் பேசவில்லை. நேரே சங்கத்துக்குப் போனாள்.

தான் அவளிடம் சொன்ன அந்த வாக்கியம் லிஃப்ட்காரருக்கு ஞாபகமே இல்லை. சங்கிலியை வெட்டியது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

“விடுங்க, வேற சைக்கிள் வாங்கிக்கலாம்” என்றார் மனைவி. கண் ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பில் காலை வேலை முடித்து, மதியம் வீடு திரும்பி, சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்கிற வழக்கம் அவருக்கு. இருவருமாகக் கடைக்குப் போனார்கள். கடையின் ஒரு பக்கம் முழுக்கச் சைக்கிள்கள். மனைவி அந்தப் பக்கம் போய், முன்னால் கூடை வைத்த ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினால் கணவர் எதிர்ப் பக்கத்தில், வீட்டுக்குள் வைத்து ஓட்டும் எக்சர்சைஸ் சைக்கிள்களின் நடுவே நின்றிருந்தார்.

விற்பனைப் பெண் உற்சாகமாக விளக்கினாள். “இது காந்தத்துல ஓடுறது சார். சத்தமே வராது. பக்கத்துல குழந்தை தூங்கினாக்கூட முழிக்காது.”

“வேண்டாம்.”

“அப்ப இது பெல்ட் சார். லேசா ஒரு முனகல்தான்.”

லிஃப்ட்காரர் ஏறி மிதித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “இதைவிடச் சத்தம் போடுறது எதாவது இருக்கா?”

அந்தப் பெண் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “எல்லாரும் சத்தம் வராததைத்தான் சார் கேப்பாங்க.”

“நான் வர்றதைக் கேக்குறேன்.”

மூலையில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் பழைய மாடல் ஒன்று இருந்தது. முன்னால் கனத்த இரும்புச் சக்கரம், அதை அழுத்திப் பிடிக்கும் கட்டை, செயின். மிதித்ததும் கடை முழுக்க உறுமியது. யாரோ எட்டிப் பார்த்தார்கள். லிஃப்ட்காரரின் முகத்தில், சைக்கிள் போன நாளிலிருந்து காணாமல் போயிருந்த களை வந்தது.

மனைவி அவர் காதருகில் குனிந்து மெதுவாகச் சொன்னார். “இது உடம்புக்கு வாங்குறது இல்ல. எனக்குப் புரியுது.”

“டாக்டர் சைக்கிள்னுதான் சொன்னாரு. ரோட்டுலயா வீட்டுலயான்னு சொல்லல.”

சத்தம் ஒரு கட்டடத்துக்குள் எப்படிப் பயணம் செய்யும் என்று அவருக்குத் தெரியும். லிஃப்ட் மோட்டாரின் அதிர்வு வீடுகளுக்குள் இறங்காமல் இருக்க ரப்பர் வைத்தே காலம் கழித்தவர் அவர். இப்போது அதை அப்படியே திருப்பிச் செய்தார். சைக்கிளின் கால்களில் இருந்த ரப்பர் மூடிகளைக் கழற்றி எறிந்தார். படுக்கையறையில் கட்டிலை ஓரமாக நகர்த்தி, கீழே அவள் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே, வெறும் தரையில் இரும்புக்கால் பதிய வைத்தார். பாய்கூட விரிக்கவில்லை.

மறுநாள் மதியம் சட்டையைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். கீழே கதவு திறந்தது. குழாயில் தண்ணீர் ஓடி நின்றது. கட்டில் கிறீச்சிட்டது. உடம்பைச் சாய்த்து, காலை நீட்டி, கண்ணில் தூக்கம் வந்து உட்காரும் நேரம் வரை பொறுத்தார். பிறகு ஏறி மிதித்தார்.

அந்தச் சந்தோஷத்தை அவர் ஆயுளில் அனுபவித்ததில்லை. இரும்பு தரையில் அதிர, ஜன்னல் கண்ணாடி கலகலக்க, கீழே ஒருத்தி புரண்டு படுப்பதை, தலையணையைக் காதில் அழுத்துவதை, கூரையை முறைப்பதைக் கற்பனை செய்துகொண்டு மிதித்தார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. அவள் வந்து கதவைத் தட்டுவாள். என்ன சொல்ல வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று ஒத்திகையும் பார்த்துவைத்திருந்தார். “என் வீடு. என் தரை. என் கால். சங்கத்துல போய்ச் சொல்லும்மா, நோட்டீஸ் ஒட்டச் சொல்லு.”

அவள் வரவில்லை. அன்றும் வரவில்லை, அடுத்து வந்த நாட்களிலும் வரவில்லை.

வராதது அவரை இன்னும் கிளப்பிவிட்டது. அழுத்தும் கட்டையை இறுக்கினார். வேகம் கூட்டினார். தொப்பை வற்றியது. படியேறும்போது வாங்கும் மூச்சு நின்றது. டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, “எதை நெனச்சு மிதிக்கிறீங்களோ தெரியல, அதையே நெனச்சு மிதிங்க” என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

ஒருநாள் படிக்கட்டில் அவளைப் பார்த்தார். கண்கள் இரத்தமாகச் சிவந்து, கீழே கறுப்பு விழுந்திருந்தது. வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

பேக்கரிப் பக்கம் போய் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார். “நின்னுக்கிட்டே தூங்கியிருக்கா. அடுப்புல இருந்து எடுத்த தட்டு கையில பட்டு வெந்துபோச்சாம். ஒரு தட்டு ரொட்டி மொத்தமும் கரி. எப்படி!” சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தார். அதற்கு முன்பெல்லாம் ‘போதும்ங்க, பாவம்ங்க’ என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றோடு வாயை மூடிக்கொண்டார். லிஃப்ட்காரர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அப்புறம் அவருக்குச் சளி பிடித்தது. காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, சில நாட்கள் சைக்கிள் சும்மா நின்றது. தேறி எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு மதியம் கதவு தட்டப்பட்டது.

மனைவி போய்த் திறந்தார். பேக்கரிப் பெண் நின்றிருந்தாள். லிஃப்ட்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் நாக்கு நுனிக்கு ஓடிவந்தது.

“சார், சைக்கிள் ஏன் ஓடல?” என்றாள் அவள்.

“என்ன?”

“கொஞ்ச நாளா சத்தத்தையே காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“உனக்கு எதுக்கு என் சத்தம்?”

அவள் கொஞ்சம் கூச்சப்பட்டாள். “தப்பா நெனச்சுக்காதீங்க சார். எங்கப்பா மாவு மில்லுல வேலை பார்த்தாரு. மில்லுக்குப் பின்னாடிதான் எங்க வீடு. பெல்ட் ஓடுற சத்தத்துலயே தூங்கி வளர்ந்தவ நான். இங்க வந்ததுல இருந்து பகல்ல அமைதியா இருக்கும், சுத்தமா தூக்கமே வராது. நீங்க மேல மிதிக்க ஆரம்பிச்சீங்க பாருங்க, மொதல்ல கொஞ்ச நாள் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் அப்படியே பழகிடுச்சு. இப்ப அது இல்லாம கண்ணை மூட முடியல.”

லிஃப்ட்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். “நீ... தூங்குறியா? நான் மிதிக்கும்போது?”

“அடிச்சுப் போட்ட மாதிரி, சார்.” போகத் திரும்பியவள் நின்றாள். “இன்னொண்ணு. நீங்க வேகமா மிதிச்சா நல்லா இருக்கு. மெதுவா மிதிச்சா முழிப்பு வந்துடுது. பார்த்துக்கோங்க.”

கதவு சாத்தப்பட்ட பிறகும் அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். மனைவி சமையலறைக்குள் போய், எதற்கோ குழாயை முழுசாகத் திறந்துவிட்டார்.

அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மறுநாள் வீம்புக்கு ஏறி மிதித்தார். கீழே அவள் ஒருக்களித்துப் படுத்து, கட்டுப் போட்ட கையைக் கன்னத்துக்கு அணை கொடுத்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்குவது கண்முன் வந்தது. தாலாட்டுப் பாடக் கூலியில்லாமல் வேலைக்குச் சேர்ந்த தாதி போல வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். கால் தானாக நின்றது. நிறுத்தினால் அவளுக்குத் தூக்கம் போகும் என்று நினைத்து இறங்கினார். ஆனால் நிறுத்துவதுதான் அவள் முதல் நாளிலிருந்தே ஆசைப்பட்டதாக இருந்தால்? மறுபடி ஏறினார். விட்டுவிட்டு மிதித்துப் பார்த்தார். தூக்கம் பிடிக்கும் நேரம் பார்த்து நிறுத்தி, திடுக்கென்று ஆரம்பித்தார்.

மறுநாள் படியில் எதிரே வந்தவள் கேட்டாள். “நேத்து விட்டு விட்டு வந்துச்சே சார், மூச்சு வாங்குதா? டாக்டரைப் பாருங்க.”

அதோடு அவருக்கு வெறுத்துப்போனது. சைக்கிள் அந்த அறையில் நிற்பதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தெருக்கோடியில் இருந்த பழைய சாமான் கடைக்காரரைக் கூப்பிட்டுவந்து, அவர் கேட்ட விலைக்கே கொடுத்துத் தள்ளிவிட்டார். ஆனால் உடம்பு விடவில்லை. மிதித்துப் பழகிய கால் உட்கார்ந்தால் குறுகுறுத்தது. கடைசியில் முதலில் போன சைக்கிள் கடைக்கே போய்ச் சாதாரணச் சைக்கிள் ஒன்றை வாங்கினார். விற்பனைப் பெண் அடையாளம் கண்டுகொண்டு, “இதுல பெல் மட்டும்தான் சார் சத்தம்” என்றாள். அவர் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

படிக்கு அடியில் நிறுத்த அவமானமாக இருந்தது. தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாடியும் ஏறினார். இரண்டாம் மாடியில் அவள் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குறட்டைச் சத்தம் சீராகக் கேட்டது. வெளியே தெருவின் கூச்சல் தவிர வேறு ஒரு சத்தமும் இல்லை. மாடியில் எதுவும் ஓடவும் இல்லை. லிஃப்ட்காரர் சைக்கிளைத் தோளில் வைத்தபடியே அந்தக் கதவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

வீட்டுக்குள் வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். மனைவி சாப்பாட்டு மேஜையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். பேக்கரியின் பெயர் அச்சடித்த காகிதம் பக்கத்தில் விரிந்து கிடந்தது.

“அவ தூங்குறா” என்றார்.

“ம்.”

“மேல சைக்கிள் சத்தமே இல்லாம தூங்குறா. மாவு மில்லு, அது இதுன்னா.”

மனைவி வெட்டிய துண்டைத் தட்டில் வைத்தார். “அவங்கப்பா தையல்காரர். மாவு மில்லு நான் சொல்லிக்கொடுத்தது.”

லிஃப்ட்காரர் மேஜைமேல் கிடந்த பேக்கரிக் காகிதத்தைப் பார்த்தார்.

“நீங்க காய்ச்சல்ல கெடந்தப்ப கீழ போனேன். கையைப் பார்த்தேன். தோல் உரிஞ்சு கெடந்துச்சு. போலீஸுக்குப் போலாமான்னு கேட்டா. வேண்டாம், அவர்கிட்ட சண்டை போட்டா இன்னும் குஷியாயிடுவாரு, நல்லாருக்குன்னு சொல்லு, அப்பதான் நிறுத்துவாருன்னு நான்தான் சொன்னேன். ‘வேகமா மிதிங்க’ன்னது மட்டும் அவளா சேர்த்துக்கிட்டது. கெட்டிக்காரி.”

“என் பொண்டாட்டி நீ. கட்டின புருஷனை ஊரான் முன்னாடி...”

“நானும்தான் அந்த ரூம்ல இருந்தேன்.” மனைவியின் குரல் உயரவில்லை. “அவ தலைக்கு மேல ஆடுச்சுன்னா, என் காதுக்குப் பக்கத்துல ஆடுச்சு. இத்தனை நாள் மதியத்துல ஒரு நாளாவது நான் கண்ணை மூடினேனான்னு கேட்டீங்களா? கட்டிலை நகர்த்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவ கை வெந்ததைச் சொல்லித் தொடையில தட்டிச் சிரிச்சீங்களே, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நீங்க ஏறுறதும் எறங்குறதுமா தவிச்சதை உட்கார்ந்து பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

அவர் சைக்கிளை மறுபடி தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். எங்கே போகிறோம் என்று தெரியாமலே மிதித்தார். கடைவீதி தாண்டி, கிடங்குகள் தாண்டி, ஊருக்கு வெளியே மேம்பாலம் ஏறும் சாலைக்கு வந்தார். எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. அறைக்குள் மிதித்த நாட்களில் இல்லாத காற்று. பல்லைக் கடித்துக்கொண்டு பாலத்தின் உச்சி வரை நிறுத்தாமல் ஏறினார். உச்சியில் நின்று மூச்சு வாங்கியபோது, தன் மனைவி அத்தனை நேரம் எதிர்த்துப் பேசி இதுவரை கேட்டதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கோபம் குறையவில்லை. யார் மேல் என்பதில்தான் குழப்பம்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினார். மனைவி கதவைத் திறந்துவைத்து வாசலிலேயே நின்றிருந்தார். பயந்துபோய் நின்றதை மறைக்கத் துடைப்பத்தைக் கையில் எடுத்தார்.

கை கால் கழுவி, போட்டதைச் சாப்பிட்டு, தட்டை எடுக்குமுன் லிஃப்ட்காரர் சொன்னார். “இதை நான் மறக்கமாட்டேன்.”

“மறந்துடாதீங்க” என்றார் மனைவி. “எனக்கும் அதான் வேணும்.”