கொசுறுக் கண்ணி

பழனிமலைத் தொடரின் மேனிலத்தே, பள்ளத்தாக்கினின்று மெல்ல எழுந்த வெண்பனி மூட்டம் படிப்படியாய் அமைந்த பூண்டு வயல்களின் மேல் தவழ்ந்தேறி, முட்டைக்கோசு இலைகளின் குழிதோறும் நீர் நிரப்பி, வேலிக் கம்பிகளில் துளித்துளியாய்த் தொங்கி, எழுவதா இன்னும் சற்றுக் கிடப்பதா என்று கதிரவனே ஐயுற்று நிற்கும் மார்கழிக் காலையில், கவுஞ்சி என்னும் சிற்றூரை நீவிர் கண்டதில்லையாயின், நூல் பல கற்ற நண்பரே, குளிரைப் பற்றி வாய் திறக்கும் உரிமை உமக்கு இல்லை. அங்குள்ளோர் பேசும்போது சொல்லுக்கு முன்னே ஆவி வரும். சொல் பின்னே மெதுவாக வந்து சேரும்.

அவ்வூரின் மேற்புறத்து மூன்றாம் படிவயலில், ஊரார் யாவரும் மண்வெட்டியும் கூடையுமாய்க் குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்க, முப்பத்தோராண்டு நிரம்பிய பொன்னுவேல் என்னும் காளை மட்டும் வரப்பின்மேல் சம்மணமிட்டமர்ந்து, சுட்டுவிரல் நீளமே உள்ள கொக்கி ஊசியொன்றை உழுபடையைப் பற்றுவது போல் இறுகப் பற்றி, எதிரே கல்லில் சாய்த்து வைத்த கைபேசிக் காணொளியில் யாரோ ஓர் அயல்நாட்டு நங்கை நூல் பின்னுவதை இமையாது நோக்கிக்கொண்டிருந்தான். அவள் பேசிய மொழி அவனுக்கு விளங்கவில்லை. அவள் விரல்கள் விளங்கின. ஊருக்குள் அலைவரிசை எட்டாது, அந்த வரப்பில் மட்டுமே எட்டும் என்பதால், தன் மானத்தை ஊரறிய அங்கே கொண்டுவந்து வைத்திருந்தான்.

இந்நிலை அவனுக்கு எங்ஙனம் வந்ததெனில், அவன் தமக்கை கந்தம்மாளின் நாவினால் வந்தது. பெற்றோர் மறைந்தபின் தம்பியை வளர்த்து ஆளாக்கி, அவனுக்கு ஒரு துணை தேடி மலையெங்கும் அலைந்த அந்நல்லாள், உள்ளத்தால் பொன் போன்றவள். ஆயின் அவள் நாவோ, அவள் எண்ணம் புறப்படும் முன்னரே ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். ஏழு வீட்டார் பொன்னுவேலை மறுத்திருந்தனர். தொலைவு என்றனர் சிலர், குளிர் என்றனர் சிலர், துணியை விட்டுப் போகாத பூண்டு நாற்றம் என்றார் உண்மை பேசும் ஒருவர். எட்டாவது வீடு கொடைக்கானல் நகரத்தது. அங்கே சுற்றுலா வண்டியோட்டி செல்லப்பாண்டியின் மகள் தேவசேனா, கொக்கி ஊசியால் தொப்பியும் பொம்மையும் பின்னி ஏரிக்கரைக் கடைகளுக்குக் கொடுப்பவள்.

பெண் பார்க்கச் சென்ற அன்று குளம்பி கொணர்ந்த தேவசேனா, வந்தவன் தலையிலிருந்த நீலக் கம்பளித் தொப்பியைக் கண்டு ஒரு கணம் நின்றாள்.

"தொப்பி நல்லா இருக்குங்க. எங்க வாங்குனீங்க?" என்றாள்.

ஏரிக்கரையில் வாங்கினேன் என்று சொல்ல வாயெடுத்தான் பொன்னுவேல். வாயிலோ கொதிக்கும் குளம்பி. அதற்குள் கந்தம்மாள் முந்திக்கொண்டாள்.

"வாங்குறதாவது. எந்தம்பி அவங்கையாலேயே பின்னுனதும்மா. காட்டுச் சோலி முடிஞ்சா அவனுக்கு ஊசியும் நூலுந்தான் பொழப்பு."

தேவசேனா தொப்பியைக் கேட்டு வாங்கி, உட்புறத்தைத் திருப்பி நெடுநேரம் நோக்கினாள். அவள் இதழோரத்தே புன்னகையொன்று எழுந்து மறைந்தது. அப்புன்னகையைப் பொன்னுவேல் பாராட்டென்று கொண்டான். கொண்டதோடன்றி, அக்கணமே அவளிடம் மனத்தையும் இழந்தான். பின்பு அவள் உள்ளே சென்று, காப்பிக்கொட்டை நிறத்துச் சுருட்டைக் கம்பளி நூலுருண்டைகள் நான்கும், கால்களுக்கென வெள்ளை நூல் சிறிதும், கண்களுக்கு இரு கரும்பொத்தான்களும், பஞ்சுப் பொதியொன்றும், சுற்றுக்கு இத்தனை பின்னல்முடி என்று கண்ணிக் கணக்கெழுதிய தாளொன்றும் கொணர்ந்து அவன் மடியில் வைத்தாள்.

"எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி பின்னித் தாங்க. ஒரு மாசம் போதும்ல? இந்த நூல்ல போட்ட கண்ணி கண்ணுக்குத் தெரியாது. எண்ணிக்கைதான் வழி."

"குட்டி வரட்டும் தாயி. மத்தத அப்பறம் பேசுவோம்" என்று கந்தம்மாளிடம் முடித்துவிட்டார் செல்லப்பாண்டி.

ஆகவே, நண்பரே, ஆட்டுக்குட்டி வந்தால் மணம், வராவிடில் ஒன்பதாவது வீடு. ஒன்பதாவது வீட்டை நினைக்கவும் பொன்னுவேலுக்கு மனமில்லை. "உண்மையைச் சொல்லிட்டு வந்துருவோம்க்கா" என்று பேருந்திலேயே கெஞ்சினான். "சொன்னா எட்டும் போச்சு. ஒழுங்கா உக்காந்து படிலே" என்றாள் கந்தம்மாள். அவனும் படித்தான். பூண்டுப் பற்களை மண்ணில் ஊன்றி ஊன்றித் தடித்த விரல்களில் நூல் முதலில் சிக்கியது, பின் விரல் நூலில் சிக்கியது, பத்தாம் நாள் இரண்டும் தமக்குள் ஒருவாறு உடன்பாட்டுக்கு வந்தன.

சுருட்டை நூலின் இயல்பை நீவிர் அறியவேண்டும். அதன் இழையெங்கும் சின்னஞ்சிறு சுருள்கள் மொய்த்திருக்கும். பின்னி முடித்தால் ஆட்டின் மேனியைத் தொட்டதுபோலவே இருக்கும். ஆயின் இட்ட கண்ணி எதுவும் வெளித்தோன்றாது. எண்ணுவது ஒன்றே புகலிடம். எண்ணுவதிலோ பொன்னுவேல் எவருக்கும் இளைத்தவனல்லன். அவன் தந்தையும் பாட்டனும் கட்டுப் பூண்டை எண்ணி விற்றவர்கள். ஒன்று என்னாது லாபம் என்று தொடங்கி, இரண்டு மூன்று என அடுக்கி, எண்ணி முடிந்ததும் வாங்குபவர் கேளாமலே மேலொன்று கொசுறாக வைத்துத்தான் கட்டை நீட்டுவார்கள். கொசுறில்லாமல் எண்ணிக்கையை முடிப்பது அக்குடியில் பிணக்குக்கு அழைப்பு விடுப்பதற்கு நிகர்.

அவ்வண்ணமே நம் தலைவனும் ஒவ்வொரு சுற்றையும் லாபம் என்று தொடங்கித் தாளில் கண்டபடி எண்ணி முடித்து, அடுத்த சுற்றுக்குள் புகுமுன் கொசுறாக ஒரு கண்ணி இட்டான். கொசுறைக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் உலகில் எங்கும் இல்லையாதலின், அவனும் சேர்க்கவில்லை. எனவே அவன் எண்ணிக்கை என்றும் தாளோடு ஒத்தே இருந்தது. விலங்கு மட்டும் தாளோடு ஒத்துவரவில்லை. அதன் வயிறு நாளுக்கு நாள் பருத்தது. முதுகில் ஒரு திமில் எழுந்தது. தேவசேனா தந்த பஞ்சு அதன் பின்காலுக்கே போதாமற்போக, பொன்னுவேல் தன் தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சு முழுவதையும் அதன் வயிற்றுக்குள் திணித்துவிட்டு, அன்று முதல் கையைத் தலைக்கு வைத்துத் துயின்றான். காது பின்னும் கட்டத்தில் காப்பி நிற நூல் தீர்ந்தது. எஞ்சிய வெள்ளை நூலால் இறுக்கிப் பின்னியவை காதுகளாய்த் தொங்க மறுத்து, இருபுறமும் வளைந்து மேல்நோக்கி நின்றன.

கரிய பழுப்பு மேனி, திமில், வளைந்த வெண்கொம்பு, வெள்ளைக் காலுறை இட்டாற்போன்ற நாற்கால்கள் இவற்றோடு அது வரப்பில் நின்ற கோலத்தைக் கண்ட கந்தம்மாள், கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள்.

"ஏலே, இது என்னலே?"

"ஆட்டுக்குட்டிக்கா."

"போன வாரம் நம்ம முட்டைக்கோசத் தின்னுட்டுப் போச்சே காட்டுமாடு, அதோட மகன் மாதிரில்ல இருக்கு. இதக் கொண்டு போனா பொண்ணு தருவாகளா, வனத்துறைக்குச் சொல்லி விடுவாகளா?"

பொன்னுவேல் அதனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். அவனுக்கும் ஐயம் இருந்தது. ஆயினும், ஒரு மாதம் விரல் நோக வளர்த்த உயிர் அது. அதன் கரும்பொத்தான் கண்களில் ஒன்று சற்று மேலும் ஒன்று சற்றுக் கீழும் இருந்தமையால், அது எதையோ புரிந்துகொள்ள முயல்வதுபோல் அவனை நோக்கியது. அதனை அவனால் வெறுக்க இயலவில்லை.

மறுநாள் கந்தம்மாள் தனியே நகருக்குச் சென்று, ஏரிக்கரைக் கடையொன்றில் கண்ணைப் பறிக்கும் அழகுடைய ஆட்டுக்குட்டிப் பொம்மையொன்றை வாங்கி முந்தானைக்குள் வைத்துக் கொணர்ந்தாள். "நாளைக்கு நீ வாயத் தொறக்காத. நான் எடுத்துக் குடுக்குறேன். அந்தக் காட்டுமாடு இங்கனயே கெடக்கட்டும்" என்று ஆணையிட்டாள். தம்பி தலையசைத்தான். தலையசைத்தவன், பெண் வீட்டாருக்கெனக் கட்டி வைத்திருந்த பூண்டுச் சாக்கில், பூண்டுகளுக்கு நடுவே, தான் பெற்ற விலங்கையும் சத்தமின்றி அமர்த்தினான்.

மறுநாள் வெள்ளெனப் புறப்பட்ட பேருந்தில் சாக்கின் வாய் நெகிழ்ந்து வெண்கொம்பொன்று வெளியே எட்டிப் பார்த்தது. நடத்துநர் சற்றே பின்வாங்கி, "அண்ணே, உள்ள உசுரு எதுவும் இருக்கா?" என்று வினவினார். "பூண்டுதாங்க" என்றான் பொன்னுவேல். முன்னிருக்கையில் தூங்கிய கந்தம்மாள் அறிந்திலள்.

செல்லப்பாண்டியின் இல்லத்தில் அமர்ந்ததும், அவள் பையிலிருந்து ஆட்டுக்குட்டியை எடுத்து மேசைமேல் நிறுத்தினாள். செல்லப்பாண்டி வியந்து மீசையைத் தடவினார். தேவசேனா அதைக் கையிலெடுத்தாள்.

"ரொம்ப அழகா இருக்குக்கா. ஆனா நான் குடுத்த நூல் காப்பிக் கலரு. இது வெள்ளையால்ல இருக்கு?"

கந்தம்மாள் ஒரு மாதமாக நூலைக் கண்டவள்தான். ஆயினும் கடையில் அழகைக் கண்டாளேயன்றி நிறத்தைக் கண்டாளில்லை. ஆனாலும் அவள் நா அயரவில்லை.

"தொவைச்சோம்மா. வெளுத்துருச்சு."

அப்பொய்யைப் பொன்னுவேலால் தாங்க முடியவில்லை. வெட்கம் அவன் காதுமடல் வரை ஏறிற்று. அவன் எழுந்து, சாக்கை அவிழ்த்து, பூண்டு நாற்றம் அறையெங்கும் பரவ, தன் விலங்கை எடுத்து அந்த வெள்ளைக் குட்டியின் அருகே வைத்தான். வைத்ததும் வெள்ளைக் குட்டி அதன் நிழலில் மறைந்துபோயிற்று.

"நான் பின்னுனது இதுங்க. அது கடையில வாங்குனது. அந்தத் தொப்பியும் கடையில வாங்குனதுதான். எனக்குப் பின்னவே தெரியாது, நீங்க கேட்ட பெறகுதான் படிச்சேன். மன்னிச்சுக்கோங்க."

கந்தம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். செல்லப்பாண்டி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "பொய்யில தொடங்குற எடத்துல எம்பொண்ண எப்பிடிங்க குடுக்குறது?" என்றார். அவர் குரலில் சினத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. எட்டாவது வீடும் போயிற்றென்று அவன் வெறும் சாக்கை மடிக்கத் தொடங்கினான்.

"இருங்கப்பா" என்ற தேவசேனா, வெள்ளைக் குட்டியின் வயிற்றைத் திருப்பிக் காட்டினாள். அங்கே கடுகளவு சிவப்புக் கண்ணியொன்று இருந்தது. பின்பு பொன்னுவேலின் தலையிலிருந்த தொப்பியை எடுத்து உட்புறத்தைக் காட்டினாள். அங்கும் அதே சிவப்புக் கண்ணி.

"ரெண்டும் நான் பின்னுனதுதான். கடைசிக் கண்ணிய செகப்புல போடுறது என் வழக்கம். அன்னைக்கே தெரியும். என் தொப்பிய எங்கிட்டயே காட்டி இவுக பின்னுனதுன்னு அக்கா சொன்னாகளே, எங்க போயி முடியுதுன்னு பாப்போம்னுதான் நூலக் குடுத்தேன்."

இவ்வாறு கூறியவள் அந்தப் பழுப்பு விலங்கை மடியில் கிடத்தி, கண்ணால் காணவியலாக் கண்ணிகளை விரல்நுனியால் தடவித் தடவி எண்ணலானாள். ஒரு சுற்று எண்ணினாள். நெற்றி சுருங்கியது. அடுத்த சுற்றை எண்ணினாள்.

"சுத்துக்கு ஒன்னு கூடுதலா இருக்கே. ஏன்?"

"கொசுறுங்க" என்றான் பொன்னுவேல். அவளுக்கு அது விளங்கவில்லை எனக் கண்டு, "எண்ணி முடிச்சா மேல ஒன்னு வைக்கணும்ல. வெறும் எண்ணிக்கையோட எப்பிடி விடுறது?" என்று வியப்போடு வினவினான்.

தேவசேனா நகைத்தாள். முதலில் வாய்மூடி நகைத்தாள், பின் விலங்கின் திமிலில் முகம் புதைத்து நகைத்தாள். நகைத்து ஓய்ந்து, வாலடி முதல் கழுத்துவரை முப்பத்திரண்டு சுற்றுகளையும் விடாமல் எண்ணினாள். அதுவரை குளம்பி ஆறிற்று, செல்லப்பாண்டி மீண்டும் அமர்ந்தார், கந்தம்மாள் முந்தானையை ஒரு கண்ணளவு விலக்கினாள்.

"அப்பா, இந்த நூல்ல கண்ணியக் கொறைச்சுப் போட்டா யாராலயும் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. நானே அவசரத்துக்கு ஒன்னு ரெண்டு விட்டுருக்கேன். இவுக முப்பத்திரண்டு சுத்துலயும் ஒரு எடத்துலகூட விடல. கூடத்தான் போட்டுருக்காக" என்றாள். பின் எழுந்து, இதுவரை அக்கா என்றே அழைத்து வந்தவளை நோக்கி, "மதினி, காப்பி ஆறிப்போச்சு. வேற போட்டுக் கொண்டாரேன்" என்று உள்ளே சென்றாள்.

கணவனின் தமக்கையை அழைக்கும் மதினி என்ற அச்சொல்லைக் கேட்ட கந்தம்மாள் அழுதாள். வாழ்நாளில் முதன்முறையாக அவள் நாவுக்குச் சொல் கிடைக்கவில்லை. செல்லப்பாண்டி விலங்கைத் தூக்கி எடை பார்த்து, "வண்டிக்கு முன்னால வச்சா மத்த வண்டியெல்லாம் ஒதுங்கிப் போகும்" என்றார். அதுவே அவர் இசைவு.

இன்று கவுஞ்சியில், மூன்றாம் படிவயலின் வரப்பில், அலைவரிசை எட்டும் அதே இடத்தில் அமர்ந்து தேவசேனா பின்னுகிறாள். நகரத்துக் கடைகளுக்கு அவள் அனுப்பும் குட்டிகள் தாளளவுக்கு ஒத்த அழகுடையவை. ஆயின் கடைசிச் சிவப்புக் கண்ணியை இட்டபின், எவர் கண்ணுக்கும் எட்டாதபடி, மேலொன்று இடுகிறாள். காண்போர் இல்லாத இடத்தில் ஒருவன் கை குறைக்கிறதா கூட்டுகிறதா என்பதைக் காட்டிலும் அவனைப் பற்றி அறிய வேண்டியது வேறு அதிகமில்லை என்பது, நண்பரே, இக்கதை சொல்வோனின் துணிபு. பொன்னுவேலுக்குப் புதுத் தலையணை வந்துவிட்டது. பழையது இன்னும் அந்த விலங்கின் வயிற்றில்தான் இருக்கிறது. குளிர் மிகும் நாள்களில் கணவனும் மனைவியும் புதியதை ஒதுக்கிவிட்டு அதன்மேலேயே தலை வைக்கின்றனர். இருவர் தலைக்கும் அதில் இடம் உண்டு.