அக்கா சேமித்து வைத்த குரல்

1

இந்தக் கதையை எழுத நான் உட்காரவே இல்லை. நாளை எங்கள் ஊர் மன்றத்தில் அக்கா பாடுகிறாள். அவளைப் பற்றி ஒரு பக்கம் அறிமுகம் வேண்டும் என்று மன்றத்துச் செயலாளர் கேட்டார். தம்பி எழுத்தாளன் என்றால் ஓசியில் எழுதித் தருவான் என்பது ஊருக்கே தெரியும். பாதி எழுதும்போது தலையில் இடி விழுந்தது. அறிமுகம் அப்படியே நிற்கிறது, இது கிளம்பிவிட்டது.

2

முதல் தொடக்கம்: 'மைக் இல்லாமல், வாத்தியக் குழு மொத்தத்தையும் தாண்டிக் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடுகிற ஆப்பரா பாடகி...' (பாடப்புத்தக வாடை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: 'கடல்கடந்த அரங்குகளில் ராணியாகவும் சூனியக்காரியாகவும் செத்துச் செத்துப் பாடிய இவர், முதல்முறையாகச் சொந்த ஊரில்...'

(இதை அம்மா படித்தால் என்னைத் தொலைத்துவிடுவாள். பாட்டுக்காக வீட்டைவிட்டுப் போன மகள் மேடையில் பாடி அம்மா இன்றுவரை கேட்டதில்லை. அவ்வளவு கோபம். நேற்றுத்தான், "அப்படி என்னத்தத்தான் பாடறான்னு வந்து பாக்கறேன்" என்று இறங்கிவந்தாள். முதல் வரிசையில் இடம் போட்டாயிற்று.)

3

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆப்பராக்காரர்கள் ஒத்திகையில் முழுக்குரல் எடுக்கமாட்டார்கள். உச்ச ஸ்வரம் வரும் இடத்தில் கீழே இறக்கி, முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். குரலைச் சேமிக்கிறார்களாம்.* வாரம் முழுக்க அக்கா அப்படித்தான் பாடினாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "பெரிய பாடகிங்க இப்படித்தான் சார். மேடையில பாருங்க, கூரை பறக்கும்" என்று பியானோக்காரர் என்னிடமே பெருமையடித்தார்.

இன்று மாலை ஒப்பனை அறைக்கு வெந்நீர் கொண்டுபோனேன். கதவு ஒருக்களித்திருந்தது. அக்கா கண்ணாடி முன் நின்று, வயிற்றில் கைவைத்து, மூச்சை இழுத்து, அந்த உச்சத்துக்கு வாயைத் திறந்தாள். அப்போது வந்தது [இங்கே ஓர் உவமை வேண்டும், கிடைக்கவில்லை] காற்று. வெறும் காற்று. மறுபடி திறந்தாள். மறுபடியும் காற்றுதான். அவள் எதையும் சேமிக்கவில்லை. சேமிக்க உள்ளே ஒன்றுமே இல்லை.

"எப்போலேருந்துக்கா?"

"போன குளிர்காலத்துலேருந்து. அங்க இப்ப யாரும் என்னைக் கூப்பிடறதில்ல."

"அப்புறம் இதுக்கு ஏன் ஒத்துக்கிட்டே?"

"இங்க யாருக்குடா தெரியப்போகுது? கீழயே பாடிட்டு இறங்கிடலாம்னு நெனச்சேன். கைதட்டிடுவீங்க."

சுருக்கென்றது. ஊரையே செவிடாக்கிவிட்டாள், என்னையும் சேர்த்து. அந்தக் கோபத்தில், "அப்ப அப்படியே பாடிட்டுப் போயேன். இங்க நின்னு எதுக்கு முக்கறே?" என்றேன்.

"அம்மா வர்றாங்கன்னு நேத்துதானேடா சொன்னே."

(* 'சேமிப்பு' என் சொல். அவர்கள் இதற்கு வேறு ஏதோ சொல்வார்கள். இனி அவளிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.)

4

முடிவுகள்.

மேடை ஏறியதும் குரல் திரும்பிவிடுகிறது. (எழுதினேன். எனக்கே வெட்கமாகிவிட்டது.)

நிகழ்ச்சி ரத்து. (தோளுக்குப் பின்னால் நின்று படித்த அக்கா, "ரத்து பண்ணா அம்மா இந்த ஜென்மத்துல வரமாட்டாங்க. அடி அதை" என்றாள். அடித்தேன்.)

அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது. நான் வாசல்வரை போய்

5

மேலே நேற்று விட்ட வாக்கியம் அப்படியே கிடக்கட்டும். இதை மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால் நின்று எழுதுகிறேன். மன்றம் நிறைந்துவிட்டது. "மேல போகப்போறியா, கீழ இறக்கப்போறியா?" என்று கேட்டேன். அக்கா என் கையிலிருந்த வெந்நீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு மேடை ஏறிவிட்டாள்.

பாட்டு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பியானோக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்க்கிறார். அக்கா மூச்சை இழுக்கிறாள். வாயைத் திறக்கிறாள். முதல் வரிசையில், தன்னையறியாமல், அம்மாவும் வாயைத் திறக்கிறாள்.

நான் காதைப் பொத்திக்கொண்டுவிட்டேன். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை என்னிடம் படித்துக் காட்ட வேண்டாம்.