நூற்று அறுபத்திரண்டு

நகரசபையில் எனக்குக் கட்டட ஆய்வாளர் வேலை. பதினேழு வருடமாகக் கதவையும் சன்னலையும் படிகளையும் அளந்து அளந்து, எதைப் பார்த்தாலும் முதலில் அளவுதான் கண்ணில் படுகிறது, அழகெல்லாம் அப்புறம்தான். அலுவலகத்தில் எனக்கு ‘டேப்’ என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகைத் திருப்பினால் டேப். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

சின்னப் பள்ளியையும் பெரிய பள்ளியையும் ஒன்றாக்கலாம் என்று அறிக்கை எழுதியவள் நான்தான். சின்னப் பள்ளியில் நாலு வயதிலிருந்து ஏழு வரை. சாலைக்கு எதிர்ப்பக்கம் பெரிய பள்ளியில் எட்டிலிருந்து பதினொன்று வரை. வருடா வருடம் பிள்ளைகள் குறைய, இரண்டு கட்டடங்களை வைத்துக்கொண்டு நகரசபை திண்டாடியது. நாலிலிருந்து பதினொன்று வரை ஒரே பள்ளி, ஒரே கட்டடம், ஒரே தலைமையாசிரியர் என்று கல்விக் குழு யோசித்தது. பெரிய பள்ளியில் இடம் போதுமா என்று அளந்து சொல்லச் சொன்னார்கள். அளந்தேன். போதும் என்று எழுதினேன். மூடப்படப்போகும் சின்னப் பள்ளியின் தலைமையாசிரியை என் கூடப்பிறந்த அக்கா என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

அக்காவும் அத்தானும் மாடியில் குடியிருக்கிறார்கள், நான் கீழே. அறிக்கை வெளியான அன்றிலிருந்து அவள் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். மூன்று வாரம் அத்தான்தான் தூது. “மோட்டார் போடவான்னு மேல கேக்கறாங்க” என்பார். “போடச் சொல்லுங்க” என்பேன். பாவம், ரிடையராகி நிம்மதியாக உட்கார வேண்டிய மனுஷன், மூட்டு வலியோடு மாடிக்கும் கீழுக்கும் நடந்தார்.

கல்விக் குழுக் கூட்டத்தில் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பெரிய பள்ளியின் கீழ்த்தளத்தில் கூடமும் சமையலறையும் போக இடமில்லை, காலியாக இருக்கும் அறைகள் எல்லாம் முதல் மாடியில். “என் புள்ளைங்க படியே ஏறினதில்ல. எங்க ஸ்கூல் முழுக்கத் தரைதான். தீப்பிடிச்சா மூணு நிமிஷத்துல எல்லாரும் வெளிய வந்தாகணும்னு சட்டம். நாலு வயசுப் புள்ளைங்க வந்துருவாங்களா? ஆய்வாளர் மேடம் அத அளந்தாங்களா?”

நான் படியின் அகலத்தை அளந்திருந்தேன், உயரத்தை அளந்திருந்தேன், கைப்பிடியைக்கூட விடவில்லை. இதைக் கோட்டை விட்டிருந்தேன். மேடம் என்று அவள் என்னைக் கூப்பிட்டது வேறு சுருக்கென்று தைத்தது.

குழுத் தலைவர் ஒரு முடிவு சொன்னார். சின்னப் பள்ளியின் கடைக்குட்டி வகுப்பு, முப்பத்தெட்டு குழந்தைகள், ஒரு நாள் பெரிய பள்ளியின் மாடியில் உட்காரட்டும். பதினொரு மணிக்கு நான் ஸ்டாப்வாட்சோடு நின்று தீப் பயிற்சி வைக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் இறங்கினால் பள்ளிகள் இணையும். தாண்டினால் திட்டத்தைக் கைவிட வேண்டியதுதான். அன்று மாலை நாலு மணிக்கே ஓட்டெடுப்பு, அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

இணைந்தால் பெரிய பள்ளித் தலைமையாசிரியர்தான் தலைமை. அக்கா இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த நாற்காலியை விட்டு வகுப்பாசிரியையாகப் போக வேண்டும். அந்தப் பெரிய பள்ளித் தலைமையாசிரியரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எனக்கும் இது வேண்டாங்க. மூக்குத் துடைச்சு விடற வேலையெல்லாம் இந்த வயசுல எனக்கு எதுக்கு?” என்றார். ஆக, அந்த ஊரில் இணைப்பை ஆதரித்த ஒரே ஜீவன் என் அறிக்கைதான்.

அந்த நாள் பத்தரை மணிக்கு நான் பெரிய பள்ளியின் படிக்கட்டுக்குக் கீழே நின்று, பதினொரு மணிப் பயிற்சிக்காக ஸ்டாப்வாட்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது இடைவேளை மணி அடித்தது. நீளமாக, ஒரே மூச்சில்.

இங்கேதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மடத்தனம் செய்திருந்தோம். பெரிய பள்ளியில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மணி அடிக்கும். அக்காவின் பள்ளியில் பாடம் முடிந்தால் கை தட்டுவார்கள், சாப்பாட்டுக்கும் கை தட்டுவார்கள். மணி என்று ஒன்று உண்டு, அதைத் தீக்கு மட்டும்தான் அடிப்பார்கள். மணி கேட்டால் வாயைத் திறக்காமல் எழுந்து, கயிற்றைப் பிடிக்க வேண்டும். அறைக்கு அறை ஒரு கயிறு, அதில் பிள்ளைக்கு ஒரு முடிச்சு. புல்லில் கால் வைக்கும்வரை முடிச்சை விடக் கூடாது. அன்று காலை மணிகள் அடித்து முடிந்தபிறகு, பத்தேகாலுக்குத்தான் குழந்தைகள் தங்கள் கயிற்றோடு வந்திருந்தார்கள், அதனால் அங்கே அவர்கள் கேட்ட முதல் மணி இதுதான். தொட்டிக் குழாயின் உயரத்தைக்கூட அளந்த நான், இரண்டு பள்ளியிலும் மணிக்கு என்ன வழக்கம் என்று கேட்கவில்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை.

மணி அடித்ததும் மேலே இரண்டு மாடியிலிருந்தும் நானூறு பிள்ளைகள் கிளம்பும் சத்தம் கேட்டது. இடைவேளைக்கு விட்ட பிள்ளைகள் படியில் எப்படி இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் சுவரோரம் ஒதுங்கினேன். அப்போதுதான் முதல் மாடித் திருப்பத்தில் அக்கா பள்ளி உதவி ஆசிரியையின் முகம் தெரிந்தது. அவர் கையில் கயிற்றின் நுனி. பின்னால் முதல் முடிச்சைப் பிடித்தபடி ஒரு குழந்தை. அதன் பின்னால் இன்னொன்று.

 கத்த வாயைத் திறந்தேன், கத்தத் தேவைப்படவில்லை.

பிறகு நடந்ததை எந்த அளவாலும் என்னால் சொல்ல முடியாது. இரண்டாம் மாடியிலிருந்து பாய்ந்து வந்த பிள்ளைகளில் முன்னால் இருந்தவர்கள் கயிற்றைப் பார்த்தார்கள். நின்றார்கள். நின்றது மட்டுமில்லை, இரண்டு கையையும் விரித்துப் பின்னால் வருபவர்களைத் தடுத்தார்கள். “குட்டிப் பசங்க, குட்டிப் பசங்க” என்ற கிசுகிசுப்பு படிப்படியாக மேலே ஏறிப் போனது. அது போன இடமெல்லாம் சத்தம் அடங்கியது. ஏற்கெனவே பாதிப் படி இறங்கியிருந்தவர்கள் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு வழி விட்டார்கள். யாரும் சொல்லவில்லை. சொல்ல அங்கே பெரிய பள்ளி ஆசிரியர் யாரும் இல்லை, மணி அடித்ததும் எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். யார் கையிலிருந்தோ ஒரு பந்து நழுவி ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கியது. நானூறு பிள்ளைகளில் ஒன்றுகூட அதன் பின்னால் ஓடவில்லை.

அந்த மௌனத்தின் நடுவே முப்பத்தெட்டு குழந்தைகள் இறங்கி வந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் படி இறங்குகிறவர்களும் அதில் இருந்தார்கள். ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, பிறகு அடுத்த படி. கண்கள் முன்னால் போகும் பிள்ளையின் முதுகில், ஒரு கை முடிச்சில். உண்மையான தீயிலிருந்து வெளியேறுகிறோம் என்று நம்பிய முகங்கள் அவை, ஆனால் ஒன்றுகூட அழவில்லை. நடுவில் ஒரு குழந்தைக்கு ஷூ கழன்றது. குனியவில்லை, முடிச்சை விடவில்லை, ஒற்றை ஷூவோடு நடந்தது. சுவரோரம் நின்ற ஒரு கை அந்த ஷூவை எடுத்தது. அது கை மாறிக் கை மாறிக் கீழே வந்து, சொந்தக்காரருக்கு முன்பே புல்தரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கடைசி முடிச்சுக்குப் பின்னால் அக்கா. உதடு அசைந்துகொண்டிருந்தது. என்னைத் தாண்டிப் போனாள், என்னைப் பார்க்கவில்லை.

கடைசிக் குழந்தையும் வெளியே போனபிறகுகூட மேலே நின்ற பிள்ளைகள் அசையவில்லை. பெரியவர்கள் நாங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து, பெரிய பிள்ளைகளும் குட்டிகளும் ஒரே கூரைக்கு அடியில் சேர்ந்து இருக்க முடியுமா என்று விவாதித்ததை நினைத்தேன்.  இத்தனை வருடம் படிகளை அளந்த நான் ஒரு படிக்கட்டை அன்றுதான் பார்த்தேன் என்று தோன்றியது. கையைப் பார்த்தால் ஸ்டாப்வாட்ச் பூஜ்ஜியத்தில் நின்றது. நான் அமுக்கவே இல்லை.

புல்தரையில் அக்கா தலைகளை எண்ணி முடித்ததும் பக்கத்தில் போனேன். மூன்று வாரம் கழித்து நேராகப் பேசினேன். “ஏன்க்கா நிறுத்தல? சும்மா இன்டர்வெல் மணின்னு உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும். மணி கேட்டு எந்திரிச்ச புள்ளைய உக்காருன்னு ஒரு தடவை சொல்லிட்டா, அப்புறம் எந்த மணியையும் நம்பாது. நெஜமாவே தீப்பிடிச்ச அன்னிக்கி உக்காந்தே இருக்கும்.”

“பதினோரு மணிக்கு மறுபடியும் இறக்கணுமே.”

“முடியாது. இப்பதான் தீயிலேர்ந்து தப்பிச்சோம்னு நெனச்சிட்டு உக்காந்திருக்கு. திரும்ப அதே தீக்குள்ள கூட்டிட்டுப் போகச் சொல்றியா?”

நான் குரலைத் தாழ்த்தினேன். “நான் வாட்ச்ச அமுக்கலக்கா. மறந்துட்டேன். டெஸ்ட் நடக்கலன்னு எழுதிடறேன். அடுத்த வருஷத்துக்குப் போயிரும். உனக்கு ஒரு வருஷம் கெடைக்கும்.”

அவள் ஷூ கழன்ற குழந்தைக்கு ஷூவை மாட்டிவிடக் குனிந்துவிட்டாள்.

நாலு மணிக்குக் கூட்ட அரங்கு நிறைந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “நேரம் எவ்வளவு?”

“எடுக்கல சார்.”

“நீங்களா எடுக்கல?” பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. எனக்கு மானம் போனது, இருந்தாலும் அக்காவுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

பெரிய பள்ளித் தலைமையாசிரியர் சந்தர்ப்பத்தை விடவில்லை. “அப்ப அது கணக்குல வராதுங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“நான் எண்ணினேன்” என்றாள் அக்கா. எழுந்து நின்றிருந்தாள். “பயிற்சியப்போ வாட்ச்சப் பாக்க முடியாது, கண்ணு புள்ளைங்க மேல இருக்கணும். அதனால எப்பவும் எண்ணுவேன். மணி தொடங்கினதும் ஒண்ணு. கடைசிப் புள்ள புல்லுல கால் வைக்கறப்ப நூத்தி அறுபத்தி ரெண்டு.”

தலைவர் யோசித்தார். “டீச்சர், உங்க ஒரு எண்ணிக்கை எவ்வளவு நேரம்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? வேகமா எண்ணினா ரெண்டரை நிமிஷம். மெதுவா எண்ணினா மூணே கால்.”

“இங்கயே எண்ணறேன். அவ கையில வாட்ச் இருக்கு.”

என்னைத்தான் சொன்னாள். ஸ்டாப்வாட்சை எடுத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். “மணி” என்றாள். அமுக்கினேன்.

அவள் உதடுகள் அசைந்தன. முதலில் சிலர் இருமினார்கள், நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் அதுவும் நின்றது. மூடிய இமைக்குள் அவள் ஒவ்வொரு படியாக இறங்குகிறாள் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஓரிடத்தில் நெற்றி சுருங்கியது. ஷூ கழன்ற இடம் என்று நான் நினைத்துக்கொண்டேன். “தொண்ணூறு” என்று அவள் வாய் முணுமுணுத்தபோது வாட்ச் ஒரு நிமிடம் முப்பத்தொரு வினாடி காட்டியது.

இனி அவள் கொஞ்சம் இழுத்தால் போதும். எண்ணுக்கு எண் ஒரு மூச்சு கூடுதலாக விட்டால் மூன்று நிமிடம் தாண்டிவிடும். அவள் பள்ளி அவளிடமே இருக்கும். யாராலும் குற்றம் சொல்ல முடியாது, சொல்லத் தெரிந்த ஒரே கருவி அவள் வாய்க்குள் இருக்கிறது. அக்கா, மெதுவா, கொஞ்சம் மெதுவா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அந்த அறிக்கையை எழுதிய நானேதான் கெஞ்சினேன்.

நூறு. நூற்றிருபது. வேகம் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. நூற்றைம்பதில் வாட்ச் இரண்டு நிமிடம் முப்பத்திரண்டு காட்டியது. எதிரில் இருந்த மேஜை விளிம்பை அவள் கை இறுகப் பிடித்திருப்பதைப் பார்த்தேன். கடைசி முடிச்சைப் பிடித்த கை மாதிரியே இருந்தது.

“நூத்தி அறுபத்தி ரெண்டு. எல்லாரும் வெளிய வந்தாச்சு.”

அமுக்கினேன். இரண்டு நிமிடம் நாற்பத்து நாலு வினாடி. சத்தமாக வாசித்தேன். 

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. நாலிலிருந்து பதினொன்று வரை ஒரே பள்ளி என்று தீர்மானம் நிறைவேறியது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“ஒண்ணே ஒண்ணு. அந்த இன்டர்வெல் மணிய நிறுத்திருங்க.”

“அப்ப எங்க புள்ளைங்களுக்கு இன்டர்வெல் எப்படித் தெரியும்?” என்றார் பெரிய பள்ளித் தலைமையாசிரியர்.

“கை தட்டுங்க சார். பழகிரும்.”

வீடு திரும்பும்போது சேர்ந்தே நடந்தோம். தெருமுனையில் என்னால் அடக்க முடியவில்லை. “கொஞ்சம் மெதுவா எண்ணியிருக்கலாமேக்கா.”

“ஏண்டி, அத்தன புள்ளைங்களும் சேந்து செஞ்சு காட்டினத நான் இல்லன்னு சொல்லவா?” என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே நின்று அழுதாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

மறுநாள் காலை அறிக்கைப் படிவத்தை நிரப்பினேன். ‘அளக்கப் பயன்பட்ட கருவி’ என்று ஒரு கட்டம் உண்டு. பதினேழு வருடமாக அதில் டேப் என்றோ ஸ்டாப்வாட்ச் என்றோதான் எழுதியிருக்கிறேன். அன்று ‘தலைமையாசிரியை, சின்னப் பள்ளி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.