எங்கள் ஊற்றில் கிருமி இருந்ததா?

1.

எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்றிலிருந்து இந்தக் கதை பிறந்தது. கொல்லிமலையின் குண்டூர் நாட்டில் எங்கள் ஊற்றுத் தண்ணீருக்கு ஒரு பெயர் உண்டு. அதைக் காப்பது என் கடமை. ஆகவே முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1934இல் கொல்லிமலைக்குக் காலரா எங்கிருந்தோ வந்து…’

எங்கிருந்தோ இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

2.

என் அப்பாரு (அப்பாவைப் பெற்றவர்) காளியண்ணன் ஊர்க்கவுண்டர். அவருடைய ஊற்றில் தண்ணீர் எடுத்த மூன்று வீடுகளில் வாந்திபேதி கண்டிருந்தது. அடிவாரத்திலிருந்து சுகாதார உத்தியோகஸ்தர் மாதேஸ்வரன் ஒரு கண்ணாடிக் குப்பியோடு ஏறி வந்தார். காலராக் கிருமியைக் கொல்லும் சிற்றுயிர் அதற்குள் இருப்பதாகவும், ஊற்றில் ஊற்ற வேண்டும் என்றும் சொன்னார். எப்படிக் கொல்லும் என்று அப்பாரு கேட்டார்.

“கிருமிக்குள்ளாற பூந்துக்குமுங்க. அதோட தவசதானியத்துலயே தன் புள்ளைகளப் பெருக்கி, கடசியில ஊட்டையே ஒடச்சிட்டு அம்புட்டும் வெளிய வரும். அப்பறம் அடுத்த ஊடு.”

“விருந்தாடியா வந்து ஊட்டை ஒடைக்கறவனையா எங்கிட்டக் கூட்டியாந்தீங்க?”

(மாதேஸ்வரனுக்கு அன்று தெரிந்தது அவ்வளவே. நான் பின்னாளில் படித்தேன். அந்தச் சிற்றுயிருக்குச் சொந்தமாக எதுவும் இல்லை, உண்ணாது, வளராது. கிருமியின் மேல் ஒட்டி, தன்னைப்போல் இன்னொன்றைச் செய்யும் குறிப்பை மட்டும் உள்ளே செலுத்தும். அதன் கூடு வெளியிலேயே நின்றுவிடும். கிருமி தன் பிழைப்பை மறந்து, வந்தவனுக்குத் தலையும் வாலுமாகச் செய்துகொடுக்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்று நூறாகும். வீட்டை உடைப்பவன்தான், ஆனாலும் இத்தனை சிக்கனமாக வம்சம் வளர்ப்பவனை நான் கண்டதில்லை.)

3.

அப்பாரு சம்மதித்து மருந்தை ஊற்றவிட்டார். ஆனால்… (இங்கே அவரைக் கொஞ்சம் விவரமானவராக்கப் பார்த்தேன். அவர் இடம் கொடுக்கவில்லை.) வெளியார் கை பட்ட ஊற்றை அன்றே இறைத்துவிடுவது எங்கள் வழக்கம். மாதேஸ்வரன் மலை இறங்கியதும், அப்பாரு சேறு தெரிய இறைக்கச் சொன்னார். மருந்தும் போயிற்று. மறுநாள் அவர் மருமகள் அத்தாயி படுத்துவிட்டாள்.

திரும்பி வந்த மாதேஸ்வரன் விஷயம் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். வேறு குப்பி இல்லை. பிறகு, புதிதாக ஊறியிருந்த தண்ணீரைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: சேற்றில் மருந்து துளி ஒட்டியிருந்தாலும் போதும், கிருமி கிடைத்திருந்தால் இந்நேரம் தானே பெருகியிருக்கும், இந்தத் தண்ணீரையே அத்தாயிக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

“கிருமி இல்லீன்னா?”

“அப்ப அது எதுலீங்க பெருகும்? வெறுந்தண்ணி.”

அப்பாருவுக்குப் புரிந்தது. ஊற்று சுத்தமானால் அத்தாயிக்கு மருந்தில்லை. தண்ணீர் மருந்தானால், மூன்று வீட்டுக்கும் நோய் கொடுத்தது அவருடைய ஊற்று.

ஊரார் பார்க்க அவரே சுரைக்குடுக்கையில் மொண்டு வந்தார்.

“குடி கண்ணு. நம்ம ஊத்துல கிருமி இருக்கோணும்னு வேண்டிக்கோ.”

4.

முடிவு. அன்றே மழை பெய்து நோயைக் கழுவிப் போயிற்று என்பது எங்கள் வீட்டார் சொல்வது. (பங்குனி மாதம். துளி மழை இல்லை.) இன்னொரு முடிவை, ‘அத்தாயியின் குடலுக்குள் அந்தச் சிற்றுயிர்…’ என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

நான் பிறந்தது அடுத்த ஆண்டு. அத்தாயி என் அம்மா.

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஊற்றில் கிருமி இல்லை என்று எழுதினால் எங்கள் வீட்டுப் பெயர் நிற்கும். ஆனால் அம்மாவைப் பிழைக்கவைக்க உங்கள் கையில் வேறு தண்ணீர் இருக்க வேண்டும்.