பேரைக் காட்டும் பட்டன்

நூலகத்தை மூடிவிட்டு அந்த அறையைக் கணினிக்கூடமாக்கலாமா என்று ஆசிரியர்களையே கேட்டுவிடலாம் என்றார் தலைமையாசிரியை. கேட்கும் வேலை நூலகர் தலையிலேயே விழுந்தது. பயிற்சிக்குப் போய், போன்வழியே கருத்துக் கேட்கும் இணையக் கருவியைக் கற்றுவந்தவள் அவள்தான். அவரவர் போனில் ஒரு சொல்லைத் தட்டினால் அது திரையில் தோன்றும். பலர் தட்டினால் பெரிதாகும். தட்டியதைப் பிறகு மாற்றவும் செய்யலாம். தட்டியவர் பெயர் தெரியாது.

மாலை ஆசிரியர் கூட்டத்தில், திரையில் ‘மூடு’ முளைத்தது. ஊதிய பலூன்போலப் பெருத்துத் திரையை அடைத்துக்கொண்டது. அவள் தட்டிய ‘வேண்டும்’ ஒரு மூலையில் எறும்பளவு கிடந்தது. காலையில் அவளிடம் கதைப்புத்தகம் வாங்கிப் போனவர்கள்கூட போனுக்குள் முகத்தைப் புதைத்திருந்தார்கள்.

“கருவி நல்லா வேலை செய்யுதே, மேடம்,” என்று கணக்கு வாத்தியார் சிரித்தார்.

“இன்னும் நல்லா செய்யும் சார். பேரைக் காட்டுற பட்டனும் இருக்கு. அமுக்கட்டுமா?”

விரல்கள் அவசரமாக அசைந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ‘மூடு’ இளைத்தது, ‘வேண்டும்’ பருத்தது. கடைசியில் ஒரே ஒரு ‘மூடு’ மிஞ்சியது.

“அது என்னுது அண்ணி,” என்றாள் அறிவியல் ஆசிரியை, நூலகரின் நாத்தனார். “நான் மாத்த மாட்டேன். கம்ப்யூட்டர் வைக்க அந்த ரூம் எனக்கு வேணும்.”

தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார். “அப்போ நூலகம் இருக்கட்டும்.”

“நாளைக்கும் கேப்பேன்,” என்றாள் நாத்தனார்.

“கேளு. நாளைக்கும் தரமாட்டேன்.”

அந்த அறையில் முகம் பார்த்துப் பேச மிஞ்சியவள் இந்த நாத்தனார் ஒருத்திதான் என்பது நூலகருக்கு எரிச்சலாக இருந்தது.