செத்தவள் ஒருத்தியா, இருவரா?

மலையாட்டுப் புழுக்கையும் கறுப்பு ஆலிவும் உறைந்துவிட்டால் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் இரண்டும் உண்டு. விருந்தாளி வந்தால் நானே எழுந்து போய்த்தான் ஆலிவ் எடுப்பேன்.

நானும் என் கணவன் எர்மெத்தேயும் மலைப் பூங்காவின் காவலர்கள். நான் ரொக்காமுலாக்காரி; மலையின் அந்தப் பக்கம் என் பொறுப்பு. அவன் முகட்டுக்கு அப்பால் இருக்கும் வால்பூயாக்காரன். அந்தப் பக்கம் அவனுக்கு. மலையாடுகள் என்ன தின்கின்றன என்று அறிய, புழுக்கையைப் பொறுக்கிப் பையில் போட்டு, சீட்டு ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவோம். தின்றது புல்லா முள்ளா என்று அங்கே நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு பெயரை மட்டும் யாரும் எடுப்பதில்லை. அது செத்தவள் மேடு. எந்தக் காலத்திலோ பாலாடைக்கட்டி சுமந்து போன பெண் ஒருத்தி பனியில் சிக்கி அங்கே செத்துப்போனாள். அவள் ரொக்காமுலாக்காரி, செத்தது எங்கள் பக்கத்துப் புல்மேட்டில். இதில் சந்தேகமே கிடையாது. வால்பூயாக்காரர்கள் மட்டும் தங்கள் பக்கத்தில் வேறொரு மேட்டைக் காட்டி, அதுதான் செத்தவள் மேடு என்று கூசாமல் சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

சீட்டில் மேட்டின் பெயருக்கு ஒரு கட்டம், ஊரின் பெயருக்கு ஒரு கட்டம். ஊர்ப் பெயரை எழுதினால் வேறு ஊரிலும் ஒரு செத்தவள் இருப்பதாக ஒப்புக்கொண்டது போலாகிவிடும். அதனால் காலியாக விட்டேன். எர்மெத்தேயும் அதே வீம்பில் காலியாக விட்டிருக்கிறான். என்னுடைய இருபது பையும் அவனுடைய இருபது பையும் ஒரே பெட்டியில் ஏறிப் போயின.

மே மாதம் அறிக்கை வந்தது. 'செத்தவள் மேடு: உணவு பரவாயில்லை. நெரிசல் இல்லை. சமவெளியிலிருந்து வரும் நானூறு செம்மறிகளை இந்தக் கோடையில் அங்கே மேய விடலாம்.'

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மேட்டில் மூன்று வருடங்களாக அறுபது மான்கள் குடியிருக்கின்றன. நல்ல மூவிலைப் புல்லை எல்லாம் அவையே வழித்துத் தின்றுவிடுகின்றன. மலையாடுகள் பாறையோரம் ஒதுங்கி ஜூனிப்பர் புதரின் முள்ளையும் காய்ந்த தட்டையையும் கடிக்கின்றன. முள்ளைத் தின்றால் தாய்க்குப் பால் எங்கே ஊறும்? போன வருடம் பிறந்த பதினான்கு குட்டிகளில் குளிர்காலத்தைத் தாண்டியவை மூன்றே மூன்று. இதில் நானூறு செம்மறிகளும் ஏறினால் இந்த வருடக் குட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சாது.

அறிக்கையின் பின்னால் ஒவ்வொரு பையின் விவரமும் இருந்தது. இருபதில் வெறும் மூவிலைப் புல், இருபதில் வெறும் முள். இரண்டையும் கலந்து 'பரவாயில்லை' ஆக்கியிருந்தார்கள்.

"எர்மெத்தே, இங்க வந்து பாரு. உன் பையும் என் பையும் கலந்துபோச்சு."

வந்து பார்த்தான். "புல்லு இருக்கறதெல்லாம் எங்களுது. முள்ளு உங்க ஊர் வளம்."

"உன் வாயில முள்ளைத்தான் வைக்கணும். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இதைச் சொல்லியாகணும்."

"என்னன்னு சொல்லுவே? செத்தவ ரெண்டு பேருன்னா? உங்கண்ணன் உன்னை உயிரோட விடுவானா?"

அண்ணன் சபத்தினோதான் எங்கள் ஊர் மேயர்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம். இரண்டு ஊரும் வந்திருந்தது, தனித்தனி வரிசையில். பூங்கா இயக்குநர் அம்மா அறிக்கையை வாசித்து முடித்ததும் எழுந்தேன்.

"மேடம், அது ஒரு மேடு இல்ல. ரெண்டு."

"ஏய் லொரெத்தா, உக்காருடி!" என்றான் அண்ணன்.

"உக்கார மாட்டேன் அண்ணா. செத்தவ மேடு அவங்க பக்கமும் ஒண்ணு இருக்கு. நல்லாத் திங்கற ஆடு அவங்களுது. முள்ளு திங்கறது நம்மளுது. பதினாலு குட்டியில மூணுதான் மிச்சம். செத்தவளுக்கு இவ்வளவு சண்டை போடறோமே, சாகற குட்டிக்கு யாரு பேசறது?"

எங்கள் ஊர் வரிசையில் யாரோ "ச்சீ" என்றார்கள். வால்பூயா வரிசையில் ஒரே கைதட்டல்.

இயக்குநர் கையமர்த்தினார். "அப்படின்னா செம்மறி வால்பூயா பக்கம்தான் வரணும். வேற மலையில இருநூறுக்குத்தான் இடம் இருக்கு. மீதி இருநூறை உங்க மேடு தாங்குமா, எர்மெத்தே? தாங்காதுன்னா லொரெத்தா பக்கம்தான் அனுப்பணும், வேற வழியில்லை."

கைதட்டல் நின்றது. எர்மெத்தே தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான்.

"தாங்கும்" என்றான்.

"துரோகி! பொண்டாட்டிதாசன்!" என்று அவன் சொந்தச் சித்தப்பாவே கத்தினார். காது சிவக்க அப்படியே நின்றான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "நிஜமாவே இருநூறு தாங்குமா?"

"நூறு தாங்கும்."

நின்றுவிட்டேன். "அப்ப ஏன்டா அப்படிச் சொன்னே?"

"உங்கிட்ட மூணு குட்டி இருக்கு. எங்கிட்ட ஒம்பது இருக்கு" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.

வால்பூயாக்காரர்களைப் பற்றி இதுநாள்வரை நான் பேசியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பாதியை மட்டும்தான்.